அதிகம் கேட்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி? பாம்பன் தீவின் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றி

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வயதுக்கு மீறி ஓடுகிற மூளையோடு ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்து, எங்கே சேர்ப்பது என்று நீங்கள் அலைந்துகொண்டிருந்தால், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இந்தக் கரையில் நான் பார்த்ததிலேயே சிறந்த இடம் பாம்பன் தீவில் இருக்கிற ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்தது. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள். பள்ளியின் பெயரை எழுதவில்லை. ஊர் சின்னது, என் மகளை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், அவளுக்கு அது வேண்டாம். ஆனால் இதே மாதிரிப் பள்ளிகள் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் கடற்கரை நெடுக இருக்கின்றன. நான் எதைப் பார்த்து முடிவு செய்தேன் என்று விரிவாகச் சொன்னால், உங்கள் ஊர்ப் பள்ளியை நீங்களே போய்ப் பார்த்து எடைபோடலாம்.

நான் படகு இன்ஜின் மெக்கானிக். விசைப்படகுகளின் பெரிய இன்ஜின்களும் நாட்டுப்படகுகளின் சின்ன இன்ஜின்களும் என் பட்டறைக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாமல் நிற்கும், இன்ஜினை இறக்கி வேலை பார்க்க எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைக் காலமும் அதுவேதான். அதனால் பள்ளி தேடும் வேலையில் பாதி என் மனைவியின் தலையில் விழுந்தது. இங்கே எழுதுகிற பல விஷயங்களைக் கவனித்துச் சொன்னவளும் அவள்தான்.

மகளுக்கு எட்டு வயது. மூன்றரை வயதிலேயே படகுகளின் முகப்பில் எழுதியிருக்கும் பதிவு எண்களை வாசிப்பாள். ஆறு வயதில் ஒரு நாள் பட்டறைத் தரையில் நட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நட்டு. அதன் ஓரமாக மூன்று வைத்தால் இரண்டுக்கு இரண்டு சதுரம். அதன் ஓரமாக ஐந்து வைத்தால் மூன்றுக்கு மூன்று. அடுத்து ஏழு, அடுத்து ஒன்பது. "அப்பா, ஒத்தப்படையா வரிசையாச் சேத்துக்கிட்டே போனா எப்பவும் சதுரந்தான் வருது. நிக்கவே நிக்காது" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு ஒரு நாள் கியர்பாக்ஸ் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றாள். இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று, கியர்பாக்ஸ் மூன்றுக்கு ஒன்று, அப்படியானால் புரொப்பல்லர் 600 சுற்று என்று அவளே சொன்னாள். அது வெறும் வகுத்தல். அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "ஒரு சுத்துக்குப் படகு இவ்ளோ போகும்னு கணக்குப் போடலாம். ஆனா தண்ணி வழுக்குமே, அதைக் கழிக்க வேணாமா?" கப்பல் கட்டுகிறவர்கள் உண்மையிலேயே அதைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இதே பிள்ளைக்கு அருகிலிருந்த ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் கிடைத்த பெயர், "கவனமில்லாதவள்". ஒரே மாதிரிக் கூட்டல் கணக்கு இருபது எழுதச் சொன்னால் நான்கை எழுதிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வரும். காலையில் சீருடை போடும்போதெல்லாம் வயிறு வலிக்கிறது என்பாள். ஞாயிற்றுக்கிழமை வலி இருக்காது. மருத்துவரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை. அங்கிருந்துதான் எங்கள் தேடல் தொடங்கியது.

மதுரையில் ஒரு உளவியலாளரிடம் அழைத்துப்போய்ச் சோதனை செய்து பார்த்தோம். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று மாற்றி அமைத்த பினே-காமத் என்ற அறிவுத்திறன் (ஐக்யூ) சோதனை. அவர் புள்ளியைச் சொல்லிவிட்டு அதன் பொருளையும் பொறுமையாக விளக்கினார். சராசரி 100. 130ஐத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்கு இருப்பார்கள், 145ஐத் தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் பதின்மூன்றரை லட்சம் பேர். ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலும் நம் மாவட்டத்திலேயே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் வலை பின்னிக்கொண்டும் ஐஸ் உடைத்துக்கொண்டும் இருக்கிறார்கள், எத்தனை பேரின் டைரியில் "கவனமில்லை" என்று எழுதியிருக்கும் என்று நினைக்கும்போது மனசு கனத்துப் போகிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டில் பேசுகிற மொழியில் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாட்சியைப் பார்க்கிற கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டால், தமிழில் யோசிக்கிற பிள்ளையின் புள்ளி குறைந்துதான் வரும். அந்தத் தாளைப் பள்ளிக்கூட வாசலில் நீட்டவும் வேண்டாம். நாங்கள் பார்த்த இடங்களில் அது உதவவில்லை. ஓரிடத்தில் விளம்பரப் பலகையில் படம் போடலாமா என்று கேட்டார்கள்.

ராமநாதபுரம் நகரத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளிக்குப் போனோம். கட்டடம், ஆய்வகம், நூலகம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நுழைவுத் தேர்வை அவள் சீக்கிரம் முடித்துவிட்டு மேசையில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "இவள் முடித்துவிட்டால் அடுத்து என்ன கொடுப்பீர்கள்?" மற்றவர்கள் முடிக்கும் வரை அமைதியாக இருக்கப் பழக வேண்டும், ஒழுங்கு முக்கியம் என்றார்கள். ஒரு பிரிவில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இன்ன தேதிக்குள் இன்ன பாடம் என்று ஓடுகிற ஆசிரியர் வேறென்ன சொல்ல முடியும்? அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த அமைப்பு அப்படி. அப்புறம், தீவிலிருந்து வேனில் போக ஒரு மணி நேரத்துக்கும் மேல், திரும்பி வர அதே அளவு. வீட்டுப்பாடம் முடித்தால் பிள்ளைக்கு விளையாட நேரமே இருக்காது.

அங்கேயே 'ஒலிம்பியாட் பயிற்சி' என்று தனிக்கட்டணம் சொன்னார்கள். இதைப் பற்றி நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிகளில் நடக்கும் பெரும்பாலான ஒலிம்பியாட்டுகள் தனியார் நிறுவனங்கள் நடத்துபவை. எழுதினால் தப்பில்லை, பதக்கமும் தருவார்கள். ஆனால் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டுக்குப் போகிற வழி வேறு. அது ஐஓக்யூஎம் என்ற தகுதித் தேர்வில் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள் எழுதலாம். மூன்று மணி நேரம், 30 கணக்குகள், ஒவ்வொன்றுக்கும் விடை இரண்டு இலக்கத்துக்குள் அடங்கும் முழு எண். அதில் தேறினால் மண்டல அளவு, பிறகு தேசிய அளவு, பிறகு பயிற்சி முகாம். எட்டு வயதில் அதற்காகப் பணம் கட்ட எந்த அவசரமும் இல்லை.

மதுரைப் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியையும் பார்த்தோம். பாடம் நடத்தும் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என் மகள் இன்னும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். கணக்கில் பன்னிரண்டு வயது, அழுகையில் எட்டு வயது. இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றிலும் ஒரே அளவுக்கு வளர்வதில்லை என்று அந்த உளவியலாளரும் சொல்லியிருந்தார். அதனால் விடுதி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மத்திய அரசின் விடுதிப் பள்ளியான நவோதயா பற்றிச் சிலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகளே கிடையாது.

சரி, ஒன்றியப் பள்ளிக்கு வருகிறேன்.

அங்கே போகச் சொன்னது என் பட்டறைக்கு வரும் ஒரு படகுக்காரர். அவருடைய மகன் அங்கே படித்தான், நன்றாகப் படிக்கிற பையன் என்றும் சொல்ல முடியாது. "அந்த டீச்சர் ஒரு பிள்ளையையும் சும்மா உக்கார விடமாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நான் போனபோது மத்தியானக் கணக்கு நேரம். ஒரே அறையில் மூன்று, நான்கு, ஐந்து என மூன்று வகுப்பும் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக, நான்காம் வகுப்பு ஜன்னல் ஓரம், ஐந்தாம் வகுப்பு கரும்பலகைக்கு முன்னால். தலைமையாசிரியை மூன்றுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

"டீச்சர், இவ முடிச்சுட்டா என்ன குடுப்பீங்க?"

"அடுத்த கார்டு குடுப்பேன் தம்பி. அதுவும் முடிஞ்சா அஞ்சாம் வகுப்புல போய் உக்காரட்டும். ரெண்டு அடி தூரந்தானே."

எங்கள் முடிவு அந்தப் பதிலில்தான் உறுதியானது. பெரிய பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே மாடிப்படி இருக்கிறது, கால அட்டவணை இருக்கிறது, வேறு வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அனுமதிக் கடிதம் இருக்கிறது. இங்கே நடுவே ஒன்றுமில்லை. ஆசிரியர் போதவில்லை என்பதால் வகுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், உண்மைதான். எல்லா ஊரிலும் பெற்றோர் இதைத்தான் குறையாகச் சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். ஆனால் வேகமாக ஓடுகிற பிள்ளைக்கு மேல்வகுப்புப் பாடம் தானாகக் காதில் விழுகிறது. தன் வேலையைச் செய்துகொண்டே ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கைக் கேட்கிறாள். ஒரு வாரம் கழித்துக் கையைத் தூக்குகிறாள். யாரும் அவளை வினோதமாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அந்த அறையில் எல்லாரும் எல்லாருடைய பாடத்தையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

இந்த டீச்சர் செயல்வழிக் கற்றல் காலத்து ஆள். 2007ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, சுவரில் ஏணி போல வரைந்து வைத்திருப்பார்கள். பிள்ளை தன் வேகத்தில் படி ஏறும். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்து தொடரும், வேகமான பிள்ளை மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்த அட்டைகளை டீச்சர் இன்னும் பீரோவில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஓரமெல்லாம் கிழிந்து, உப்புக் காற்றில் பழுப்பேறிப் போயிருக்கின்றன. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கைதூக்கிவிட வந்த திட்டம் அது. ஆனால் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது என்ற வழக்கம் ஒரு பள்ளியில் ஊறிவிட்டால், மேல் பக்கம் நிற்கிற பிள்ளைக்கும் அது நல்லதுதான்.

வகுப்பைத் தாண்டி மேல்வகுப்பில் போடுகிற டபுள் ப்ரமோஷன் பற்றிக் கேட்டோம். எங்கள் அப்பா காலத்தில் அது சாதாரணமாக நடந்திருக்கிறது, ஊரில் இரண்டு பேரைச் சொல்வார். டீச்சர் வேண்டாம் என்றார். பதிவேட்டில் அவள் மூன்றாம் வகுப்பு. தமிழ், சூழ்நிலையியல் எல்லாம் மூன்றாம் வகுப்போடு. கணக்குக்கு மட்டும் ஐந்தாம் வகுப்பு வரிசை. காரணத்தையும் சொன்னார். அவளுக்குக் கையெழுத்து இன்னும் மூன்றாம் வகுப்புதான், விரல் வேகம் மூளை வேகத்துக்கு வரவில்லை. இரண்டு வகுப்பு தள்ளி வைத்தால் எழுத்தில் எப்போதும் கடைசியில் நிற்பாள், அது அவளை உடைத்துவிடும். விளையாட்டில் அவளுக்கு மூன்றாம் வகுப்புத் தோழிகள்தான் வேண்டும். எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். கும்பகோணத்தில் ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறியதால் கல்லூரி உதவித்தொகையே போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் வீட்டில் அந்தப் பயம் உண்டு. ஒரு பாடத்தில் ஓடவிட்டு மற்றவற்றில் நிதானமாக நடக்க வைக்கிற இந்த ஏற்பாடு அந்தப் பயத்தைக் குறைத்திருக்கிறது.

பாடம் நடக்கும் விதத்துக்கு ஒரு உதாரணம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கப்பட்டது. அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளம், கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை மேலே போகும். 1914ல் வந்த பழைய பாலம் நடுவில் இரண்டு பக்கமும் விரிந்து திறந்தது. பாலம் தூக்குகிற நாளில் டீச்சர் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப்போய் நிற்க வைத்தார். ஒன்றாம் வகுப்பு கப்பல்களை எண்ணியது. மூன்றாம் வகுப்பு நீளம், உயரம் எழுதியது. ஐந்தாம் வகுப்புக்கு, எவ்வளவு நேரத்தில் மேலே போகிறது என்று பார்த்து வேகம் கண்டுபிடிக்கும் வேலை. என் மகளுக்குத் தனிக் கேள்வி: "இவ்வளவு கனத்த இரும்பைத் தூக்க அவ்வளவு பெரிய மோட்டார் எங்கே இருக்கு?" அவள் வீட்டுக்கு வந்து என் பட்டறையில் இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம் கயிற்றின் ஒரு முனையில் ஒரு கல், மறு முனையில் அதே எடைக் கல் கட்டி, விரலால் தொட்டாலே நகர்கிறது என்று காட்டினாள். கோபுரத்துக்குள் எதிர் எடை இருக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் அதைப் போய்ச் சொன்னபோது டீச்சர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஒரு கல் கொஞ்சம் கனமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டு அனுப்பிவிட்டார். ராமேஸ்வரத்தில் கலாம் ஐயாவின் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்ட மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போனதை இந்தத் தீவில் தெரியாதவர் இல்லை. அந்த வழக்கம் இன்னும் ஓரிரு பள்ளிகளில் உயிரோடு இருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

இன்னொரு விஷயத்துக்காக இந்தப் பள்ளிக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததையும், பாம்பனிலிருந்து போன ரயில் கடலுக்குள் போனதையும் யாரோ பேசிக்கொண்டிருந்ததை மகள் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. காற்று கொஞ்சம் அடித்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ரயிலில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கு முன்னாலேயே தெரியுமா, நமக்குத் தெரியவருமா. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு யோசனை ஆழமாகப் போவது போலவே பயமும் ஆழமாகப் போகிறது. வீட்டில் நாங்கள் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தாயி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் நம்பவில்லை. ஒன்றும் ஆகாது என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

டீச்சர் அந்தப் பயத்தைப் பாடமாக்கினார். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுகளை ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்றாம் எண் வரை எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றென்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது. பத்தென்றால் பெரிய ஆபத்து. பதினொன்று என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. இப்போது செயற்கைக்கோள் எப்படி நாள்கணக்கில் முன்னாலேயே புயலைப் பார்க்கிறது, செய்தி எப்படிக் கரைக்கு வருகிறது, படகுகளுக்கு அனுமதி டோக்கன் ஏன் நிறுத்தப்படுகிறது என்று எல்லாம் வரிசையாக. மகள் ஒரு நோட்டில் கூண்டு எண்ணையும் தேதியையும் குறிக்கத் தொடங்கினாள். இப்போதும் குறிக்கிறாள். காற்றடிக்கும் இரவுகளில் "இன்னைக்கு எத்தனாம் நம்பர் அப்பா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். ஆலோசனைக்கென்று தனி ஆளே வைத்திருக்கும் பள்ளியில்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் நாங்கள் பேசித் திருத்த வேண்டியிருந்தது. சீக்கிரம் முடிக்கிற பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைப்பது இரண்டு ஆசிரியர் பள்ளியில் இயல்பாக நடந்துவிடும். தொடக்கத்தில் தினமும் நெடுநேரம் அவள் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அவள் படிக்கிற நேரம் அதில் போகிறது, மற்ற பிள்ளைகள் அவளைக் குட்டி டீச்சராகப் பார்க்கத் தொடங்கினால் விளையாட்டில் ஒதுக்கிவிடுவார்கள். என் மனைவி போய் நிதானமாகச் சொன்னாள். டீச்சர் உடனே ஒத்துக்கொண்டு, மத்தியானம் கொஞ்ச நேரம் மட்டும், அதுவும் எல்லாப் பெரிய பிள்ளைகளும் முறை வைத்துச் சொல்லித்தர வேண்டும் என்று மாற்றினார். இதே மாதிரிப் பள்ளியில் சேர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

குறைகள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். ஆங்கிலம் பலவீனம். வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், பேச வைக்க ஆள் இல்லை. வீட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு நிகராக ஓடுகிற இன்னொரு பிள்ளை அங்கே இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் தெர்மோகோலில் படகு செய்து மிதக்க விடுவான், எந்தப் பக்கம் கனம் வைத்தால் கவிழும் என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், இப்போதைக்கு அதுதான் அவளுடைய பெரிய துணை. அவன் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவான். நூலகம் என்பது ஒரு பீரோ. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழை வாங்கிக்கொடுக்கிறேன், ராமநாதபுரம் போனால் மாவட்ட மைய நூலகத்துக்கு அழைத்துப்போகிறேன். ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை அரசு இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை டீச்சரின் இடமாறுதல். கலந்தாய்வு வரும் மாதங்களில் எனக்கு நிம்மதி இருக்காது. இந்தப் பள்ளியின் நன்மையில் பாதி அமைப்பால் வருவது, மீதிப் பாதி அந்த ஒரு மனுஷியால் வருவது. அவர் போய்விட்டால் இதே அறை இதே மாதிரி இருக்குமா என்று சத்தியம் செய்ய முடியாது.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் இருக்கிறது. கிச்சடியும் பொங்கலும் நன்றாக இருப்பதாக மகள் சொல்கிறாள். அம்மாமார் அதிகாலையிலேயே கரைக்கு மீன் எடுக்கப் போகிற வீடுகளில் இது எவ்வளவு பெரிய உதவி என்று விளக்கத் தேவையில்லை.

ஊர்க்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தத் தீவில் ஒரு பிள்ளை கொஞ்சம் சுட்டியாக இருந்தால் உடனே "அடுத்த கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அன்பில்தான் சொல்கிறோம். கலாம் ஐயா பிறந்த மண் என்ற பெருமை எனக்கும் உண்டு, அவரும் இங்கே சாதாரணப் பஞ்சாயத்துப் பள்ளியில் தொடங்கி ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போனவர்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது. ஒரு முறை கணக்கில் தவறு வந்தபோது "நான் கலாம் ஆக மாட்டேனா?" என்று என் மகள் அழுதாள். பிள்ளைக்குத் தப்பு செய்ய இடம் வேண்டும். அந்தப் பள்ளியில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. டீச்சர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் வானவில் மன்றம் இருக்கிறது, அறிவியலும் கணக்கும் செய்து பார்த்துக் கற்கிற திட்டம். பத்து வயதிலிருந்து தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு செய்து அனுப்பலாம், அதை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன், கடலை வைத்து ஆய்வு செய்ய நம் பிள்ளைகளுக்கு என்ன குறை? எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் ஆயிரம் ரூபாய், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. அதே வகுப்பிலிருந்து மாவட்டத்து அரசு மாதிரிப் பள்ளி, விடுதியோடு. பதினான்கு வயதில் அவள் விடுதிக்குப் போகத் தயாராக இருப்பாள் என்று நினைக்கிறேன். நடுவில் வரும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள்தான் எனக்கு இன்னும் விடை தெரியாத இடம். பெரிய பள்ளியில் மறுபடியும் மாடிப்படிகள் வந்துவிடும். கணக்குக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்கார விடுவீர்களா என்று இப்போதே இரண்டு தலைமையாசிரியர்களிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. ஆங்கிலத்துக்கும் துணைக்கு ஆள் இல்லாததற்கும் சேர்த்து ஒன்றைக் குறைக்கிறேன்.

உங்கள் ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் காலை வழிபாட்டு நேரத்தில் போக வேண்டாம், அப்போது எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான் இருக்கும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, கணக்குப் பாட நேரத்தில் போங்கள். பிள்ளையையும் கூட்டிப்போங்கள், சான்றிதழ்க் கட்டு வேண்டாம். சீக்கிரம் முடித்த பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிள்ளை ஏதாவது கேட்டால் ஆசிரியர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், வேறு பள்ளியிலிருந்து வருவதாக இருந்தால் மாற்றுச் சான்றிதழ், இவற்றோடு போனால் போதும். அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. தடைக்காலம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள், அப்புறம் நம் ஆட்களுக்கு நேரம் கிடைக்காது.